மஞ்சளித்த உளுந்தும் மௌனமான மரபணுவும்

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில், காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் வரையிலும் அதற்கு அப்பால் கடலோரம் வரையிலும், தை மாதத்தில் ஒரு விநோதமான விதைப்பு நடைபெறுகிறது. சம்பா நெல் இன்னும் அறுக்கப்படவில்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்கள் இருக்கையில், வயலில் ஈரம் மெழுகுப் பதத்துக்கு வந்ததும், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். உழவு கிடையாது, நீர் பாய்ச்சுவதும் கிடையாது. நெல்லை அறுக்கும்போது உளுந்து இரண்டிலை விட்டிருக்கும். அதன் பிறகு மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் தை, மாசி மாதங்களின் பனியையும் நம்பி எழுபது நாட்கள் வரை வளர்ந்து, பங்குனியில் காய்த்து முடிகிறது. வேளாண் துறையினர் இதற்கு நெல் தரிசு உளுந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஈரம் வரும் வழிக்கும் நெடிய வரலாறு உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரியும், 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணையும், அவ்விரண்டையும் இணைக்கும் வடவாறும் சேர்ந்துதான் இப்பகுதியை நெல்விளையும் பூமியாக வைத்திருக்கின்றன. நெல்லின் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அரசுக் குறிப்பேடுகளிலும் அதற்கே முதலிடம். உளுந்தின் கணக்கு வேறு. நெல்லில் வரவும் செலவும் சரிக்குச் சரியாகப் போய்விடும் ஆண்டில், ஏறத்தாழச் செலவே இல்லாமல் விளையும் இந்த உளுந்துதான் கடனை அடைக்கவும் சித்திரையில் ஒரு கல்யாணத்தை நடத்தவும் கைக்கு வரும் காசு. மணவிருந்துக்கும் உளுந்துக்கும் உள்ள உறவு தமிழில் மிகப் பழையது. அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டும் திருமண வீட்டில் உளுந்து சேர்த்துச் சமைத்த உணவு இடம்பெறுகிறது.

அந்தக் காசை அழிக்க வருவது மஞ்சள் தேமல் நோய். இளம் இலையில் முதலில் ஊசிமுனையளவு மஞ்சள் புள்ளிகள் தோன்றும். அவை படர்ந்து பச்சையும் மஞ்சளுமாகக் கலந்த திட்டுகளாகி, பிறகு இலை முழுவதும் பொன்னிறமாகிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வயல் அழகாகத்தான் தெரியும். பூ குறையும், காய் சிறுக்கும், உள்ளே பருப்பு சுருங்கிக் கிடக்கும். முளைத்த சில வாரங்களிலேயே தொற்றினால் அறுக்க எதுவும் மிஞ்சாது. நோயைச் செடியிலிருந்து செடிக்குக் கொண்டு செல்வது கண்ணுக்கு அரிதாகவே படும் வெள்ளை ஈ. நோய்க்குக் காரணம் அதன் உமிழ்நீர் வழி செடிக்குள் இறங்கும் ஒரு வைரஸ். 1960இல் டெல்லியில் நரியானி என்பவர் பாசிப்பயற்றில் இந்நோயை விவரித்து எழுதினார். வட இந்தியாவில் காணப்படும் வைரஸும் தென்னிந்தியாவில் பெரும்பாலும் காணப்படும் வைரஸும் நெருங்கிய உறவுடைய இரு வேறு இனங்கள் என்பது பிற்காலத்தில் தெளிவானது. நோயுற்ற செடிகளைப் பிடுங்கி அழி, வேப்பெண்ணெய் தெளி, மஞ்சள் ஒட்டுப்பொறி வை என்பவைதாம் விவசாயிக்குக் கிடைத்து வந்த அறிவுரைகள். வைரஸ் செடிக்குள் புகுந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அவற்றின் அடியில் இருந்த ஒப்புதல்.

ஒன்றுமில்லை என்பது உண்மையா? இக்கேள்விக்கான பதில் உலகின் வேறொரு மூலையில், வேறொரு பயிரில் தொடங்குகிறது.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதற்கு ஓராண்டு முன்பு, 1928இல், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் விங்கார்ட் என்ற தாவர நோயியலாளர் புகையிலைச் செடிகளில் ஒரு புதிரைக் கண்டார். வளையப்புள்ளி நோய் கண்ட செடிகளின் கீழ் இலைகள் சிதைந்திருந்தன. ஆனால் பின்னர் துளிர்த்த மேல் இலைகளில் நோயின் சுவடே இல்லை. அந்த இலைகளில் மீண்டும் வைரஸைத் தேய்த்தபோதும் அவை நோயுறவில்லை. மனிதனுக்கு அம்மை வந்து போனபின் மறுமுறை வராதிருப்பதைப் போன்ற ஒன்று. ஆனால் செடிக்கு இரத்தமோ எதிர்ப்பொருளோ கிடையாது. விங்கார்டின் அவதானிப்பு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விளக்கமின்றி நூல்களில் கிடந்தது. அறிவியல் வரலாற்றில் இது அபூர்வமன்று. கேள்வியைக் கேட்பதற்குரிய மொழி உருவாகும்வரை பதில் கண்முன்னே இருந்தாலும் தெரிவதில்லை.

அந்த மொழி ஒரு பூவிலிருந்து வந்தது. 1990இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஜார்கென்சனும் கரோலின் நேப்போலியும் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க எண்ணி, நிறமி உண்டாக்கும் மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்றைச் செடிக்குள் செலுத்தினார்கள். ஒன்றுக்கு இரண்டு மரபணு இருந்தால் நிறமும் இரட்டிப்பாக வேண்டும். பல செடிகளில் பூக்கள் வெள்ளையாகவோ, வெள்ளையும் ஊதாவும் கலந்தோ மலர்ந்தன. புகுத்திய மரபணுவும் பேசவில்லை. செடியின் சொந்த மரபணுவும் வாயடைத்துப் போயிற்று. இதே காலத்தில் நெதர்லாந்திலும் ஒரு குழு இதைக் கண்டது. 1992இல் இத்தாலியில் ரொமானோவும் மசினோவும் ரொட்டிப் பூஞ்சையில் இதையொத்த நிகழ்வைக் கண்டார்கள்.

புதிரை அவிழ்த்தது 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு ஒன்றில் அவர்கள் செய்த சோதனையின் சாரம் எளியது. மரபணுவின் செய்தியைத் தாங்கிச் செல்லும் ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. அதன் எதிரிழையையும் சேர்த்து இரட்டை இழையாக்கிப் புழுவுக்குள் செலுத்தினால் அந்த மரபணு மௌனமாகிறது. தனித்தனி இழைகளால் இது அநேகமாக நடப்பதில்லை. செல்லுக்கு மூலக்கூறு ஒன்றிரண்டு கிடைத்தாலே போதும் என்னும் அளவுக்கு விளைவு வலியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஹாமில்டனும் டேவிட் பால்கோமும், மௌனமாக்கப்பட்ட செடிகளிலெல்லாம் ஏறத்தாழ 25 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ.க்கள் திரள்வதைக் காட்டினார்கள். இரட்டை இழையைச் செல் துண்டு துண்டாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டும் அடையாளச் சீட்டாகிறது. அந்தச் சீட்டோடு பொருந்தும் எந்தச் செய்தியைக் கண்டாலும் செல் அதைக் கிழித்தெறிகிறது. ஃபயருக்கும் மெல்லோவுக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் கண்ட செடிக்காரர்களுக்கு அதில் பங்கில்லாமல் போனதைப் பற்றி அக்காலத்தில் முணுமுணுப்பு இருந்தது. அது நியாயமான முணுமுணுப்பு என்றே தோன்றுகிறது.

இந்த நறுக்கும் பொறியைச் செல் எதற்காக வைத்திருக்கிறது? வைரஸ்களுக்காக என்பது விரைவில் புலப்பட்டது. வைரஸ்கள் பெருகும் வழியில் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாவது இயல்பு. செடி அதைப் பகைவனின் கால்தடமாக வாசிக்கிறது. விங்கார்டின் புகையிலையில் மேல் இலைகள் தப்பியது இதனால்தான். கீழ் இலைகளில் நறுக்கப்பட்ட சீட்டுகள் சாறு செல்லும் குழாய்கள் வழியே மேலேறி, வைரஸ் வந்து சேரும் முன்பே துளிர்களை எச்சரித்துவிட்டன. இச்செய்தி ஒட்டுக்கட்டிய இடத்தையும் தாண்டிச் செல்கிறது என்பதை 1997இல் பிரான்சில் வோஷரே குழுவினர் புகையிலையில் காட்டினார்கள். விருத்தாசலத்திலிருந்து முந்திரி ஒட்டுக்கன்று வாங்கி நடுபவர்கள் கேட்டால் வியக்கக்கூடிய சேதி இது: அடிமரத்தில் மௌனமான மரபணு, மேலே ஒட்டிய குச்சியிலும் மௌனமாகலாம்.

இனி மதுரைக்கு வரவேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கே. வேலுதம்பி, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்டன் ஜெல்வினுடன் அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரை ஆராய்ந்து தேர்ந்தவர். செடிக்குள் அன்னிய டி.என்.ஏ.வைக் கொண்டு சேர்க்கும் இயற்கையான தூதன் அந்த நுண்ணுயிர். அதைக் கொண்டு வெள்ளை ஈயின் தயவின்றியே மஞ்சள் தேமல் வைரஸை உளுந்துக்குள் செலுத்தும் முறையை அவருடைய குழு செம்மைப்படுத்தியது. ஆய்வுக்கூடத்தில் விரும்பியபோது நோயை உண்டாக்க முடிந்தால்தானே மருந்தைச் சோதிக்க முடியும்.

சோதனை 2003இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் இரண்டு பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. எழுதியவர்கள் நால்வர்: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த மிகாயில் பூகின், தாமஸ் ஹோன், மதுரையிலிருந்து பி.வி. சிவபிரசாத், வேலுதம்பி. நோயுற்ற உளுந்து நாற்றுகளின் மீது, வைரஸின் ஒரு பகுதியை ஒத்த கொண்டையூசி வடிவ இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உண்டாக்கக்கூடிய டி.என்.ஏ.வை நுண்துகள்களில் பூசித் துப்பாக்கியால் சுடுவதுபோல் செலுத்தினார்கள். செடிகளில் பெரும்பாலானவை நோயிலிருந்து மீண்டன. புதிய இலைகள் பச்சையாகத் துளிர்த்தன.

இதில் இரண்டு விஷயங்கள் அன்று புதியவை. மஞ்சள் தேமல் வைரஸ் டி.என்.ஏ.வால் ஆனது, ஏறத்தாழ 2,700 எழுத்துகள் கொண்ட இரு வட்டங்கள். ஆர்.என்.ஏ. குறுக்கீடோ செய்தி ஆர்.என்.ஏ.வை அழிப்பது. டி.என்.ஏ. வைரஸ் மீது அது பலிக்குமா என்ற ஐயம் நியாயமானதே. இரண்டாவது, அவர்கள் குறிவைத்தது வைரஸின் செய்தி எழுதப்பட்ட பகுதியை அன்று. செய்தி எழுதுவதைத் தொடங்கிவைக்கும் முன்பகுதியை அவர்கள் குறிவைத்தார்கள்.

தில்லைக் கோயிலில் தேவார ஏடுகள் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த கதையைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். ஒரு நூலை ஊமையாக்க இருவழிகள் உண்டு. வெளியில் உலவும் படிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கிழிப்பது ஒரு வழி. மூல ஏடு இருக்கும் அறைக்கே முத்திரை வைத்து, யாரும் படியெடுக்க முடியாமல் செய்வது மற்றொன்று. பெட்டூனியாவில் நடந்தது முதல்வகை. மதுரை உளுந்தில், முன்பகுதியைக் குறிவைத்ததால், இரண்டாம்வகை நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். குட்டி ஆர்.என்.ஏ.க்கள் டி.என்.ஏ. மீதே மெத்தில் என்னும் சிறு வேதிக்குறிகளை இடச்செய்து அந்த இடத்தை வாசிக்க முடியாததாக ஆக்கும் என்பது 1994இல் ஜெர்மனியில் வாசெனெகர் குழுவினரின் சோதனையிலிருந்தே அறியப்பட்டதுதான். ஏட்டின் எழுத்து மாறவில்லை. மேலே அரக்கு முத்திரை விழுந்துவிட்டது.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. செடியின் இந்தக் கவசத்தைச் செயலிழக்கவைக்கும் புரதம் ஒன்றை மஞ்சள் தேமல் வைரஸ் வைத்திருக்கிறது என்பதை இதே பாசல், மதுரைக் குழுக்கள் 2005இல் காட்டின. 2004இல் அமெரிக்காவில் செல்லப்பன், வனிதாரணி, ஃபோக்கே ஆகிய மூவரும், மரவள்ளியைத் தாக்கும் இதே குடும்பத்து வைரஸ்களில் எவற்றிலிருந்து செடி தானாக மீள்கிறதோ அவற்றில் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் மிகுதியாகத் திரள்வதை எழுதினார்கள். மீள்வதும் மாள்வதும் இந்த இழுபறியைப் பொறுத்தது.

இங்கே எழும் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். மீண்ட உளுந்துச் செடியின் விதையை அடுத்த தையில் தெளித்தால், அதில் முளைக்கும் செடி நோயைத் தாங்குமா? தாய் கற்றதைச் சேய் நினைவில் வைத்திருக்குமா?

தாவரங்கள் விஷயத்தில் பொதுவான பதில் உற்சாகம் தருவதன்று. செய்தியைக் கிழிக்கும் முதல்வகை மௌனம் பெரும்பாலும் விதையோடு துடைக்கப்பட்டுவிடுகிறது. அடுத்த தலைமுறை வெற்றேட்டிலிருந்து தொடங்குகிறது. முத்திரை வைக்கும் இரண்டாம்வகை அப்படியன்று. 2001இல் லூயிஸ் ஜோன்ஸும் பால்கோமும் சகாக்களும் ஒரு மரபணுவின் முன்பகுதியை வைரஸ் ஒன்றின் மூலம் குறிவைத்து மௌனமாக்கினார்கள். அந்த வைரஸ் விதைக்குள் செல்லவில்லை. தூண்டிய ஆர்.என்.ஏ. அடுத்த தலைமுறையில் இல்லை. ஆயினும் மௌனம் தொடர்ந்தது. செல் பிரியும்போதெல்லாம் முத்திரையைப் பார்த்துப் புதுப்பிரதியிலும் அதே முத்திரையை இட்டுச்செல்லும் நொதி ஒன்று செடியில் உண்டு.

அப்படியானால் உளுந்து ஏன் நினைவில் வைத்திருப்பதில்லை? காரணம், எண்ணிப்பார்த்தால், எளியது. மதுரைச் சோதனையில் முத்திரை விழுந்தது வைரஸின் டி.என்.ஏ. மீது. அது உளுந்தின் குரோமோசோமில் சேர்ந்ததன்று, வந்த விருந்தாளி. பூவும் மகரந்தமும் சுமந்து செல்வது செடியின் சொந்த ஏட்டை. பகைவனின் ஏட்டில் வைத்த முத்திரை பகைவனோடு போய்விடும். அடுத்த ஆண்டு வெள்ளை ஈ புதிதாகக் கொண்டுவரும் வைரஸ் முத்திரையற்றது. தமிழகத்து ஆய்வொன்று 2016இல் உளுந்து விதைகளிலேயே இந்த வைரஸ் இருப்பதைக் கண்டறிந்தது. தாய் சேய்க்கு நோயைக் கடத்தக்கூடும், நோயை வென்ற அறிவைக் கடத்துவதில்லை என்றால் அது கொடுமையான ஏற்பாடாகத்தான் படும். இயற்கையிடம் நியாயம் கேட்க முடியாது.

ஆனால் சொந்த ஏட்டின் மீது விழுந்த முத்திரை எத்தனை காலம் நிற்கக்கூடும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1740களில் சுவீடன் நாட்டு லின்னேயஸ் ஒரு விசித்திரமான காட்டுப்பூவைக் கண்டு திகைத்தார். இடம் வலமாக மட்டும் ஒத்திருக்க வேண்டிய பூ, சுற்றிலும் ஒரே மாதிரி ஐந்து கொம்புகளோடு மலர்ந்திருந்தது. அரக்கன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெலோரியா என்று பெயரிட்டார். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1999இல், என்ரிக்கோ கோயனின் ஆய்வுக்கூடத்தில் பிலார் கியூபாஸும் சகாக்களும் அவ்வகைப் பூவின் மரபணுவைப் படித்தபோது அதில் எழுத்துப் பிழை ஏதுமில்லை. பூவின் வடிவை ஆளும் மரபணு ஒன்றின்மேல் மெத்தில் முத்திரை அடர்ந்திருந்தது. அந்த முத்திரை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் சென்றது. அவ்வப்போது தானாகக் கரைந்து பழைய பூவும் மலர்ந்தது.

புழுக்களின் கதை இன்னும் வியப்பானது. அங்கே மெத்தில் முத்திரை என்ற ஏற்பாடு இல்லை, குட்டி ஆர்.என்.ஏ.க்களே கருமுட்டை, விந்து வழியாகச் சென்று, ஒவ்வொரு தலைமுறையிலும் தம்மைத்தாமே பெருக்கிக்கொள்கின்றன. மௌனம் அடுத்தடுத்த தலைமுறைகளுக்குச் செல்வதை 2000இல் மெல்லோவின் குழு ஆராய்ந்தது. 2011இல் ஓடெட் ரெஹாவியும் ஆலிவர் ஹோபர்ட்டும், வைரஸை எதிர்க்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்களைப் புழு தன் சந்ததிக்குப் பல தலைமுறைகள்வரை கொடுப்பதைக் காட்டினார்கள். அவற்றை உண்டாக்கும் பொறியே இல்லாத பேரப்புழுக்களிடமும் அவை இருந்தன. உளுந்துக்கு வாய்க்காதது புழுவுக்கு வாய்த்திருக்கிறது.

இந்த இடத்தில் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2019இல் பிரின்ஸ்டனில் கொலீன் மர்ஃபியின் குழு, நோய்தரும் பாக்டீரியா ஒன்றைத் தவிர்க்கக் கற்ற புழுவின் பாடம் நான்கு தலைமுறைகளுக்குச் செல்வதாக எழுதியது. 2020இல் அதற்குக் காரணமான பாக்டீரியாவின் குட்டி ஆர்.என்.ஏ. ஒன்றையும் அடையாளம் காட்டியது. ஹார்வர்டின் கிரெய்க் ஹன்டர் குழுவினர் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது முதல் தலைமுறைக்கு அப்பால் அந்த மரபுரிமையைக் காண இயலவில்லை என்று அறிவித்தார்கள். வேறொரு குழுவோ தமக்கு அது கிடைத்ததாகச் சொல்கிறது. விவாதம் முடியவில்லை.

புழுவிலேயே இப்படியென்றால் மனிதரைப் பற்றிப் பேசுகையில் நாக்கை அடக்க வேண்டும். தாய் தந்தையர் பட்ட துயரம் மரபணுக்களின் வழியே பிள்ளைகளின் உடம்பில் எழுதப்படுகிறது என்று வார இதழ்கள் தயக்கமில்லாமல் எழுதிவிடுகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கரையில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் பிள்ளைகளைப் பற்றியும் இப்படிச் சொல்லிவிடலாம். கேட்க உருக்கமாகத்தான் இருக்கும். எலிகளில் இதற்குச் சில சான்றுகள் உண்டு. 2014இல் சூரிச்சில் இசபெல் மான்சுய் குழுவினர், இளமையில் துன்புறுத்தப்பட்ட ஆண் எலிகளின் விந்திலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வைக் கருமுட்டைகளில் செலுத்தியபோது பிறந்த எலிகளின் நடத்தை மாறியதாகக் கூறினார்கள். ஆனால் தேவனாம்பட்டினத்துப் பிள்ளை எலியைப் போல் தனிக்கூண்டில் வளரவில்லை. துயருற்ற தாயின் மடியிலேயே, அவள் அழுவதைக் கேட்டு, கடலைப் பற்றிய அவளுடைய பேச்சைக் கேட்டு வளர்ந்தது. எது விந்தணுவில் வந்தது, எது மடியில் வந்தது என்று பிரித்தறிய இன்று வழியில்லை. தாயைப்போலப் பிள்ளை என்ற பழமொழி இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

கடற்கரைக்கு வந்தாயிற்று என்பதால் இறாலையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. 1990களில் தமிழகக் கடலோரத்தில் பரவிய இறால் பண்ணைகளின்மேல் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் கடுமையான தீர்ப்பளித்தது. அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே வெண்புள்ளி வைரஸ் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளில் புகுந்து குளம் குளமாக இறாலை அழிக்கத் தொடங்கியிருந்தது. இறாலுக்கு நம்மைப்போல் எதிர்ப்பொருள் கிடையாது, ஆகவே ஆர்.என்.ஏ. குறுக்கீடே மருந்தாகலாம் என்ற எண்ணம் எழுந்தது. வேலூருக்கு அருகே மேல்விஷாரத்தில் ஒரு கல்லூரியில், சாகுல் ஹமீது தலைமையிலான குழு, பாக்டீரியாவில் உற்பத்தி செய்த இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கொண்டு அந்த வைரஸின் மரபணுவை மௌனமாக்கி இறாலைக் காப்பாற்றியதை 2008இல் வெளியிட்டது. பெரிய தலைநகர ஆய்வகங்களைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு மேல்விஷாரத்தின் பெயர் தெரியாமலிருப்பது நம் குறை. ஆய்வகத் தொட்டியில் பலித்தது ஏக்கர் கணக்கான குளத்தில் பலிப்பது வேறு சங்கதி. இரட்டை இழை உப்புநீரில் நெடுநேரம் தாங்காது.

உளுந்துக்குத் திரும்புவோம். வைரஸின் முத்திரை விதையில் செல்லாது என்றால், முத்திரை வைக்கும் கட்டளையையே செடியின் ஏட்டில் எழுதிவிடலாம். அதாவது கொண்டையூசி ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும் மரபணுவைச் செடியின் குரோமோசோமில் சேர்ப்பது. பிரேசில் இதைச் செய்தது. அங்கே ஏழைகளின் அன்றாட உணவான பீன்ஸ் பயிரை அழிக்கும் தங்கத் தேமல் வைரஸ் நம் மஞ்சள் தேமலின் நெருங்கிய உறவு. அதையும் பரப்புவது வெள்ளை ஈதான். எம்பிராபா என்னும் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரான்சிஸ்கோ அரகாவோவின் குழு உருவாக்கிய, ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் வைரஸைத் தடுக்கும் பீன்ஸுக்கு 2011இல் ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவில் 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்குத் தடை விழுந்தபின் மரபணு மாற்றிய உணவுப் பயிர் என்ற பேச்சே முடங்கிவிட்டது. மதுரையில் பிறந்த யோசனை சிதம்பரத்து வயலுக்கு வரவில்லை. பி.டி. கத்தரியில் ஒரு புதிய புரதம் உண்டு, அதைக் குறித்த அச்சத்துக்கு ஒரு பொருளுண்டு. கொண்டையூசி உளுந்தில் புதிய புரதம் எதுவும் தேவையில்லை. நோயுற்ற எந்த உளுந்திலும் இயல்பாக இருக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்களே இங்கும் இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தது, என் பார்வையில், அவசரத் தீர்ப்பு. விதை யார் கையில் இருக்கும் என்ற கேள்வி வேறு. பிரேசிலில் அது அரசின் கையில் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வயலுக்கு வந்தது பழைய வழி. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம், மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து ரகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. அவற்றில் வம்பன் 6 என்பது, வீட்டு உளுந்தை அதன் காட்டு மூதாதையோடு கலந்து உண்டாக்கப்பட்டது. ஆடுதுறை 3 போன்ற பழைய ரகங்கள் நின்ற இடங்களில் இவை புகுந்தன. டெல்டாவின் தொல்லைகள் இதனோடு தீர்ந்துவிடவில்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் இரண்டிலை விட்ட உளுந்து அதன் சக்கரத்தில் நசுங்குகிறது. மேட்டூர்த் தண்ணீர் தாமதமானால் சம்பா தாமதமாகி உளுந்துக்கு ஈரமும் பனியும் கிட்டுவதில்லை.

காட்டு இனத்தோடு கலப்பது என்றால் நல்ல மரபணு ஒன்றை இரவல் வாங்குவது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதிலும் மௌனத்துக்கு ஒரு பங்கு இருப்பதை எழுதியவர்களில் ஒருவர் மதுரைக் கட்டுரையின் அதே சிவபிரசாத். மதுரையிலிருந்து பாசல் குழுவோடும், பின்னர் கேம்பிரிட்ஜில் பால்கோமோடும் பணியாற்றியவர், இன்று பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் இருக்கிறார். 2012இல் அவரும் பால்கோமும் சகாக்களும், வீட்டுத் தக்காளியையும் அதன் காட்டு உறவையும் கலந்த சந்ததியை ஆராய்ந்தார்கள். பெற்றோர் இருவரிடமும் அதிகமில்லாத சில குட்டி ஆர்.என்.ஏ.க்கள் பிள்ளைகளில் திரண்டிருந்தன. அவற்றுக்குப் பொருந்தும் இடங்களில் மெத்தில் முத்திரை விழுந்திருந்தது. அது அடுத்த தலைமுறைக்கும் சென்றது. தாயிடமும் தந்தையிடமும் இல்லாத குணம் பிள்ளையிடம் எங்கிருந்து வந்தது என்ற பழைய வியப்புக்கு இது ஒரு விடை.

அவருடைய பெங்களூர்க் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு நெல்லைப் பற்றியது. காட்டு நெல்லில் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. மிகுதியாக இருந்து, தண்டை உறுதியாக்கும் லிக்னினை உண்டாக்க உதவும் மரபணுக்களை அடக்கிவைத்திருக்கிறது. மனிதன் நெல்லைப் பயிராக்கிய நெடிய காலத்தில் எங்கோ அந்த அடக்குமுறை தளர்ந்தது. மரபணுக்கள் பேசத் தொடங்கின, தண்டு தடித்தது. பயிர் நெல்லில் அந்தக் குட்டி ஆர்.என்.ஏ.வை மீண்டும் பெருகச் செய்தபோது, நெல் ஒல்லியான நீண்ட இலைகளோடு காட்டுச் சாயலுக்குத் திரும்பிற்று. தை மாதத்தில் சிதம்பரத்து வயலில், கீழே உளுந்து முளைக்க, மேலே கதிர் சுமந்து நிற்கும் சம்பாவின் தாளில் இருக்கும் உறுதி அப்படிக் கலைந்த மௌனம் ஒன்றிலிருந்து வந்தது.